ராட்சதனின் பைக்குள் கைவிட்டால்

சண்டை முடிந்த கையோடு மேசையில் ஒரு கேள்வி எழும்: "அவன் பையில என்ன இருக்கு?" பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை நடத்தும் எவருக்கும் பழகிய கேள்விதான். செத்தவன் கோப்ளின் என்ற குட்டிப் பூதமாக இருந்தால் பதிலுக்கு யோசிக்கவே வேண்டாம். நாலு செப்புக்காசு, துருப்பிடித்த கத்தி, கிழிந்த தோல்பை என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம். விழுந்து கிடப்பவன் 18 அடி உயரமுள்ள நெருப்பு ராட்சதன் என்றால் அப்படிக் கடந்துபோக எனக்கு மனம் வராது. இந்த விளையாட்டில் ராட்சதர்களின் உடைமைகளைப்போல வளமான விஷயமும் குறைவு, அவற்றைப்போல வீணடிக்கப்படும் விஷயமும் குறைவு. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

விதிப்புத்தகம் என்ன கொடுக்கிறது என்று முதலில் பார்ப்போம். 2014-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் (ஆட்டத்தை நடத்துபவருக்கான புத்தகம்) செல்வ அட்டவணை எதிரியின் சவால் மதிப்பை, அதாவது அவன் எவ்வளவு ஆபத்தானவன் என்ற எண்ணை, மட்டுமே கணக்கில் எடுக்கிறது. 5 முதல் 10 வரை சவால் மதிப்புள்ள எல்லோருக்கும் ஒரே அட்டவணை. குன்று ராட்சதன் 5, கல் ராட்சதன் 7, பனி ராட்சதன் 8, நெருப்பு ராட்சதனும் மேக ராட்சதனும் ஆளுக்கு 9. ஆக ஐந்து இனங்கள் அந்த ஒரே அட்டவணைக்குள் அடங்கிவிடுகின்றன. நூறு பக்கப் பகடையில் 30 வரை எது விழுந்தாலும் கிடைப்பது சராசரியாக 1,400 செப்புக்காசு, கூடவே தங்கமும் வெள்ளியும் கலந்த எலக்ட்ரம் காசு கொஞ்சம். அந்தச் செப்புக்காசுகள் எல்லாம் சேர்ந்து 28 பவுண்டு எடை. மதிப்பு வெறும் 14 பொற்காசு.

இப்போது அந்த ராட்சதனின் கையை நினைத்துப் பாருங்கள். 18 அடி என்றால் நம்மைப்போல மூன்று மடங்கு உயரம். காசின் குறுக்களவு மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அவன் விரலுக்கு அது நம் விரலில் ஒரு சென்டிமீட்டர் வில்லை எவ்வளவோ அவ்வளவு. சட்டைப் பொத்தான் அளவுகூட வராத 1,400 செப்பு வில்லைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எண்ணி, பையில் போட்டு மலை மலையாகச் சுமந்து திரிகிறான் என்று அட்டவணை நம்மை நம்பச் சொல்கிறது. எதற்காகச் சுமக்கிறான்? எந்தக் கடையில் போய்க் கொடுக்கப்போகிறான்? யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே யானைக்குப் பொரி பிடிக்குமா என்றே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ராட்சதர்களின் உயரமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1977-இல் வெளிவந்த, எதிரிகளைப் பட்டியலிடும் முதல் மான்ஸ்டர் மேனுவலில் நெருப்பு ராட்சதனுக்கு 12 அடி, பனி ராட்சதனுக்கு 15, புயல் ராட்சதனுக்கு 21. 2014 பதிப்பில் அவர்கள் 18, 21, 26 அடியாக வளர்ந்துவிட்டார்கள். ஆள் வளர்ந்தான், காசு வளரவில்லை.

அளவு என்பதைப் பலர் வெறும் வர்ணனையாக எடுத்துக்கொள்கிறார்கள். "பெரிய கோப்பை", "பெரிய வாள்" என்று ஒரு அடைமொழி சேர்த்தால் வேலை முடிந்தது என்று நினைப்பு. உயரம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு, கொள்ளளவும் எடையும் 27 மடங்கு. இந்த 27 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் ராட்சதனின் வீடு முழுவதும் தானாகவே துலங்கிவிடும். கால் லிட்டர் பிடிக்கும் நம் கோப்பை அவன் வீட்டில் ஏறத்தாழ ஏழு லிட்டர் பிடிக்கும். அரை கிலோ எடையுள்ள புத்தகம் பதின்மூன்றரை கிலோ. ஆறு பவுண்டு இருகைவாள் 162 பவுண்டு. தையல் ஊசி ஒரு குத்துவாளின் நீளம். மனித மோதிரத்தின் உட்குறுக்களவு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை மூன்றால் பெருக்கினால் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது ஒரு வளையலின் அளவு! நெருப்பு ராட்சதனின் விரலிலிருந்து கழற்றிய மோதிரம் நம் ஆள் ஒருவரின் மணிக்கட்டில் கச்சிதமாக உட்காரும். என் மேசையில் இதைச் சொன்னபோது, அதுவரை காசுக் கணக்கு போட்டுக்கொண்டிருந்த நண்பர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவர் பார்த்த அந்தப் பார்வைக்காகத்தான் நான் இந்தக் கணக்கெல்லாம் போடுகிறேன்.

வாளுக்கு வருவோம். 2014 கையேட்டின்படி ராட்சத அளவு ஆயுதத்துக்குச் சேதப் பகடை மூன்று மடங்கு. தன் அளவைவிடப் பெரிய ஆயுதத்தைத் தூக்குபவருக்குப் பாதகம் உண்டு. இரண்டு அளவு பெரியதென்றால் தூக்கவே முடியாது என்று நடத்துபவர் சொல்லிவிடலாம். அப்படியானால் 162 பவுண்டு வாளை என்ன செய்வது? இரும்பு விலைக்குப் போட்டால் பவுண்டுக்கு ஒரு வெள்ளிக்காசு, மொத்தமே 16 பொற்காசு. பார்ட்டி, அதாவது ஆட்டக்காரர்களின் குழு, அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். ஆனால் நெருப்பு ராட்சதர்கள் இந்த உலகின் தலைசிறந்த கொல்லர்கள். அந்த எஃகை உருக்கி இருபத்தேழு வாள் செய்யலாம் என்று ஒரு குள்ளர் கொல்லன் கண்ணீர் மல்கச் சொன்னால்? அல்லது இதை உருக்கவே கூடாது, இது இன்னார் கைவேலை என்று அவன் தடுத்தால்? விலை என்பது அட்டவணையில் இருக்கும் எண் அல்ல, யாரிடம் கொண்டுபோகிறோம் என்பதைப் பொறுத்தது. ராட்சதச் செல்வம் இந்தப் பேரத்தை மேசைக்கு இழுத்துவருகிறது.

பை என்ற யோசனையைக் கண்டுபிடித்தவருக்கு நான் நன்றி சொல்வேன். இரண்டாம் பதிப்பு மான்ஸ்டரஸ் மேனுவலிலேயே ராட்சதனின் பை வந்துவிட்டது: எறிவதற்குச் சில பாறைகள், அவனுடைய சொந்தச் செல்வம், அன்றாடப் பொருள்கள் சில, எண்ணிக்கைக்குப் பகடை. மூன்றாம் பதிப்பும் அதைத் தொடர்ந்தது. 2016-இல் வந்த ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர் சாகசத்தில் ராட்சதனின் பையில் இருக்கும் பொருள்களுக்கென்றே ஓர் அட்டவணை உண்டு. 2023-இல் ராட்சதர்களைப் பற்றியே வந்த பிக்பி புத்தகம் இன்னும் ஓரடி எடுத்து வைத்து, இனத்துக்கு ஏற்ப உடைமைகளைப் பிரித்தது. இதெல்லாம் சரியான திசை. என் குறை ஒன்றுதான். இந்தப் பைகளில் அழுகல், அழுக்கு, நாற்றம் ஆகியவற்றின் பங்கு அதிகம். ராட்சதன் என்றால் பெரிய உடம்பு கொண்ட நாகரிகமற்றவன் என்ற எண்ணம் அட்டவணைக்குள் அமைதியாக நுழைந்துவிடுகிறது. ஒருமுறை சிரிக்கலாம். இரண்டாவது பையிலும் அதே அழுகிய பாலாடைக்கட்டி வந்தால் ஆட்டக்காரர்கள் பையைத் திறப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

நான் என் அட்டவணையை வேறு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கை எதைக் குனிந்து எடுத்திருக்கும்? எடுத்ததை ஏன் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறது? இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டுகிறேன். முதல் பகடை பொருளைச் சொல்லும். இரண்டாவது, அதை வைத்திருக்கும் காரணத்தைச் சொல்லும்: சாப்பிட முடியவில்லை, அழகாக இருந்தது, யாரோ கொடுத்தது, பந்தயத்தில் ஜெயித்தது, பயமாக இருந்தது, யாருக்கோ திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆறே காரணம் போதும். கப்பல் மணி என்று முதல் பகடையும், பயம் என்று இரண்டாவதும் விழுந்தால் அங்கே ஒரு கதை ஆரம்பமாகிவிட்டது. மணிக்குள் நாக்கைத் துணியால் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறான் ஒரு குன்று ராட்சதன். அவிழ்ப்பதா வேண்டாமா?

காரணப் பகடையை இனத்துக்கு ஏற்ப மாற்றினால் இன்னும் நன்றாக வரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ராட்சதர்களிடம் ஆர்ட்னிங் என்ற படிநிலை உண்டு: உச்சியில் புயல், பிறகு மேகம், நெருப்பு, பனி, கல், கடைசியில் குன்று. அந்தந்த இனத்துக்குள்ளும் யார் மேல், யார் கீழ் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அந்த அளவுகோல்தான் உண்மையில் அவர்களின் நாணயம். குன்று ராட்சதர்களிடையே அதிகம் தின்று பெருத்தவரே பெரியவர். எனவே அவர்கள் பையில் மிஞ்சியிருப்பது தின்ன முடியாததுதான்: கவசம், குதிரை லாடம், கோயில் மணி. கவசத்தில் பல்தடம் இருக்கட்டும். முயன்று பார்த்திருக்கிறான் என்று தெரியும்.

கல் ராட்சதர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். மலைக்குள் வாழும் அவர்களுக்கு மேலே இருக்கும் வெளியுலகம் ஒரு கனவு. அங்கே நடப்பதெல்லாம் நிஜமல்ல, நிலைக்காதது. கல்லில் செதுக்கியதே நிஜம். அப்படி நம்புகிறவரின் குகையில் ஒரு மனிதக் குழந்தையின் காலணி கிடைத்தால் அது என்ன பொருள்? கனவிலிருந்து விழித்த பிறகும் கையில் தங்கிவிட்ட ஒன்று. அவர் அதைப் பார்த்துப் பார்த்து கல்லில் செதுக்கியிருப்பார். முதலில் கோணலாக, பிறகு தையல்கூடத் தெரியும்படி. சந்தையில் அந்தச் சிற்பங்களுக்கு நல்ல விலை கிடைக்கும். மூலக் காலணிக்கு ஒரு செப்புக்காசுகூடக் கிடைக்காது. ஆனால் சிற்பங்களை எடுத்துக்கொண்டு காலணியை விட்டுவிட்டால் அந்த ராட்சதர் ஒன்றும் சொல்லமாட்டார். காலணியைத் தொட்டால் மலையே பெயர்ந்து வரும். இந்த முரண்பாட்டை மேசையில் வைத்துவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். பார்ட்டி தானாகக் கண்டுபிடிக்கட்டும்.

பனி ராட்சதர்களுக்கு வலிமையே அளவுகோல், கொள்ளையே தொழில். இவர்களுக்கு வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் பாடல்களே அட்டவணை எழுதிக் கொடுத்துவிட்டன. இடித் தெய்வமான தோரின் சுத்தியலைத் திருடிய ராட்சதன் த்ரிம், தோரின் தோழன் லோகி தன்னைத் தேடி வரும்போது மேட்டின்மேல் உட்கார்ந்து தன் நாய்களுக்குத் தங்கத்தில் கழுத்துப்பட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறான். தன்னிடம் செல்வம் ஏராளம், நகைகள் ஏராளம், தேவி ஃப்ரேயா ஒருத்திதான் குறை என்று வேறு சொல்கிறான். அந்த த்ரிமையே இந்த விளையாட்டு பனி ராட்சதர்களின் தெய்வமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை அருமையான படிமம் அது! தங்கம் அவனுக்குச் செல்வம் அல்ல, வளைக்க எளிதான உலோகம், நாய்க்கு அழகாக இருக்கும், அவ்வளவே. பனி ராட்சதர்கள் வளர்க்கும் பனி ஓநாயின் கழுத்திலிருந்து கழற்றினால் நம் ஆளுக்கு அது ஒட்டியாணம். காசாக எண்ணாமல் இப்படிக் கொடுத்துப் பாருங்கள். அதே தங்கம், அதே எடை. ஆனால் இதைக் கழற்ற ஓநாயின் அருகில் போகவேண்டும்.

காசு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அதற்கும் நார்ஸ் கதையிலேயே வழி இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்நோரி ஸ்டுர்லுசன் எழுதிய ‘எட்டா’ என்ற புராண நூலில், தங்கத்தில் கொழித்த ஒரு ராட்சதன் இறந்தபின் அவன் மகன்கள் மூவரும் சொத்தைப் பங்கிடுகிறார்கள். தராசும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. ஆளுக்கு ஒரு வாய் நிறையத் தங்கம், எல்லோருக்கும் சமமாக, தீரும்வரை. நான் இதை அப்படியே ஓர் அலகாக எடுத்துக்கொண்டேன். மனித வாய் 70 மில்லிலிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் 18 அடி ராட்சதனின் வாய் கிட்டத்தட்ட 1,900 மில்லிலிட்டர். காசுகளுக்கு இடையிலிருக்கும் வெற்றிடத்தைக் கழித்தால் ஒரு வாய்க்கு 22 கிலோ தங்கம், அதாவது சுமார் 2,400 பொற்காசு. ராட்சதக் குடும்பத்தின் பெட்டகத்துக்கு "இரண்டு வாய் தங்கம்" என்று எழுதிவைப்பேன். கணக்குக்கும் சரியாக வரும், காதுக்கும் ராட்சதத்தனமாக இருக்கும்.

மேக ராட்சதர்கள் பணக்காரர்கள், தோட்டக்காரர்கள், சூதாடிகள். அவர்கள் தோட்டத்துத் திராட்சை ஆப்பிள் அளவு, ஆப்பிள் பூசணி அளவு. இவர்களிடம் எந்தப் பொருளும் ஒருவரிடமே தங்காது. பரிசாகப் போகும், பந்தயத்தில் போகும். அதனால் மேக ராட்சதப் பொருள் எதற்கும் ஒரு கைமாறிய வரலாறு எழுதுங்கள். கோப்பையின் அடியில் வரிசையாகச் சின்னங்கள்: ஜெயித்தவர் ஒவ்வொருவரும் தன் முத்திரையைப் பொறித்திருக்கிறார். கடைசி முத்திரைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. பார்ட்டி அதைத் திருடி எடுத்துப்போனால் அது வெறும் தங்கக் கோப்பை. சூதாடி ஜெயித்து, தங்கள் முத்திரையைப் பொறித்துக்கொண்டால் அது மேகக் கோட்டைகளின் கதவைத் திறக்கும் அடையாளம். இரண்டில் எதைச் செய்கிறார்கள் என்பது ஒரு முழு அமர்வுக்குத் தாங்கும். நெருப்பு ராட்சதர்கள் கொல்லர்கள் என்று முன்பே சொன்னேன்; கைவேலையே அவர்களின் அளவுகோல். அவர்கள் பையில் கருவிகளை வையுங்கள், அளவுகோல்களை வையுங்கள், பயிற்சிக் காலத்தில் செய்த முதல் ஆணியை வையுங்கள். புயல் ராட்சதர்கள் தனிமையில் சகுனம் பார்ப்பவர்கள். அவர்களிடம் பொருள் குறைவாகவும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கனமாகவும் இருந்தால் போதும்.

இனி மந்திரப் பொருள்கள். இங்கே எல்லோரும் கேட்பது ஒன்று: ராட்சதனின் மந்திர மோதிரம் என் விரலுக்குப் பொருந்துமா? 2014 கையேடு தாராளமாகப் பதில் சொல்கிறது. அணியக்கூடிய மந்திரப் பொருள் பெரும்பாலும் யார் உடலுக்கும் பொருந்தும், தேவையானால் தானாகச் சுருங்கும் அல்லது விரியும். இதை விளையாட்டு வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இது மிகப் பழைய மந்திரம். 1697-இல் பெரோ எழுதிய கட்டைவிரல் பையனின் கதையில், மனிதர்களைத் தின்னும் அரக்கனின் ஏழுகாதக் காலணிகளைச் சிறுவன் கழற்றிப் போட்டுக்கொள்கிறான். அந்தப் பிரமாண்டக் காலணிகள் அணிபவரின் காலுக்கு ஏற்பப் பெரிதாகும், சிறிதாகும் என்று பெரோவே விளக்கிவிடுகிறார். ராட்சதனிடமிருந்து கைப்பற்றிய பொருள் திருடனுக்குப் பொருந்துவதுதான் அங்கே மந்திரத்தின் முதல் அடையாளம். எனவே நான் விதியை மாற்றுவதில்லை, அதைக் காட்சியாக்குகிறேன். வளையலாக மணிக்கட்டில் போட்டுக்கொண்ட மோதிரம் அன்றிரவு மெல்லச் சுருங்கத் தொடங்கும். காலையில் கழற்ற முடியாது. மணிக்கட்டிலிருந்து விரலுக்கு மாற்றாமல் தூங்கியவர் என்ன ஆவார் என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும் சுருக்கிவிடவும் கூடாது. தோரும் தோழர்களும் இருட்டில் ஒரு பெரிய மண்டபத்தைக் கண்டு உள்ளே படுத்து, நிலம் அதிர்வதற்குப் பயந்து பக்க அறையில் ஒதுங்குகிறார்கள். விடிந்து பார்த்தால் மண்டபம் ஸ்க்ரீமிர் என்ற ராட்சதனின் கையுறை, பக்க அறை அதன் கட்டைவிரல், அதிர்வு அவன் குறட்டை. அதே ராட்சதனின் சாப்பாட்டுப் பையின் முடிச்சைத் தோரால் அவிழ்க்கவும் முடிவதில்லை. கையுறை தன் அளவிலேயே இருப்பதால்தான் அந்தக் கதை இன்றும் சிலிர்க்கிறது. பார்ட்டிக்கு ஒரு மந்திரக் கையுறை கொடுங்கள், சுருங்காத கையுறை. ஐந்து விரல்களும் ஐந்து படுக்கையறை. உள்ளே குளிர் ஏறாது, ஓநாய் மோப்பம் பிடிக்காது. ஆனால் பகலில் அதை யார் சுமப்பது? வெளி அளவைவிட அதிகம் கொள்ளும் மாயப் பை இருக்கிறதே என்பார்கள். அந்தப் பையின் வாய் இரண்டடி அகலம், 500 பவுண்டு, 64 கன அடி என்று வரம்பு உண்டு; கையுறையை மடித்துத் திணிக்க முடியுமா என்று மேசையில் வாதம் நடக்கும். நல்ல வாதம் அது, நடக்கவிடுங்கள்.

தலைகீழாகவும் யோசிக்கவேண்டும். மனிதர் செய்த மந்திரப் பொருள் ராட்சதன் கையில் என்ன ஆகும்? எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இது. விதிப்புத்தகத்தைத் திறந்து எண்களை மூன்றாலும் 27-ஆலும் வகுத்துக்கொண்டே போகலாம். வற்றாத நீர்க்குடுவை உச்ச வேகத்தில் 30 காலன் தண்ணீரைப் பீய்ச்சும். நம்மைக் கீழே தள்ளும் அந்த வெள்ளம் ராட்சதனுக்கு ஒரு காலன் சொச்சம், முகம் கழுவ வைத்திருக்கிறான். சொன்னதும் முளைக்கும் டேர்னின் உடனடிக் கோட்டை 30 அடி உயரம். அவன் கண்ணுக்கு அது பத்தடி, காவல் மிருகத்தைக் கட்டிப்போடும் கொட்டில். மடிப்புப் படகு விரிந்தால் 24 அடி. அவனுக்கு ஓராள் தோணி. பறக்கும் கம்பளங்களிலேயே பெரியது 800 பவுண்டு தூக்கும், வேகத்தைப் பாதியாக்கினால் 1,600 வரை; அவனோ நாலாயிரம் ஐயாயிரம் பவுண்டு. எனவே அது சுவரில் தொங்குகிறது, அடிக்கடி ஓரம் துடிக்கிறது, ஏன் துடிக்கிறது என்று அவன் கவனித்ததில்லை. விட்ட இடத்தில் அந்தரத்திலேயே நிற்கும் அசையாத தண்டு 8,000 பவுண்டு தாங்கும். அவன் தன்னையே அதில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். பனி ராட்சதனின் கூடத்தில் நடு ஆகாயத்தில் எதிலும் பொருத்தப்படாமல் ஒரு சின்னக் கம்பி, அதில் முழுத் திமிங்கிலத் துண்டு தொங்குகிறது என்று நீங்கள் வர்ணித்தால், ஆட்டக்காரர்களில் விவரம் தெரிந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். மந்திரப் பொருள் பெட்டியில் பூட்டிக் கிடக்கவில்லை. கண்முன்னே, வீட்டு வேலையில் இருக்கிறது.

ராட்சத வலிமை இடைக்கச்சை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த விளையாட்டின் புகழ்பெற்ற பொருள்களில் ஒன்று. குன்று ராட்சதக் கச்சை அணிபவரின் வலிமை எண்ணை 21 ஆக்கும், கல்லும் பனியும் 23, நெருப்பு 25, மேகம் 27, புயல் 29. இந்த எண்களை ராட்சதர்களின் வலிமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: குன்று ராட்சதனின் வலிமை 21, நெருப்பு ராட்சதனுடையது 25, புயல் ராட்சதனுடையது 29. அச்சு அசலாக அதே எண்கள். அதாவது தன் இனத்துக் கச்சையை ஒரு ராட்சதன் கட்டிக்கொண்டால் அவனுக்கு ஒரு புள்ளிகூடக் கூடாது. பிறகு ஏன் அது அவன் பெட்டகத்தில் இருக்கிறது?

வலிமை மருந்தை எடுத்துக்கொண்டால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2014 கையேட்டின் வர்ணனைப்படி அந்தத் தெளிந்த திரவத்தில் அந்தந்த இன ராட்சதனின் நகத்துணுக்கு ஒன்று மிதக்கும். ஆட்டக்காரர்கள் அதை வாசித்துவிட்டு அருவருப்போடு குடித்துவிட்டுப் போவார்கள். ஒரு நிமிடம் ராட்சதனின் பக்கம் நின்று பாருங்கள். தன்னைத் தாக்க வந்த குட்டி மனிதர்களின் பையைப் பிரித்தால் கண்ணாடிப் புட்டி, உள்ளே தன் இனத்தான் ஒருவனின் நகம். அவன் அதைக் குடிப்பானா? கீழே ஊற்றுவானா? என் உலகில் ராட்சதர்கள் அந்தப் புட்டிகளைச் சேர்த்துவைக்கிறார்கள். குகையின் உட்புறத்தில் வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் ராட்சதர்கள் செதுக்கும் ரூன் எழுத்து: தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் எந்த மலையில் கிடைத்தது என்ற குறிப்பு. கச்சைகளும் அங்கேதான் இருக்கும். ராட்சதரைக் கொல்வதற்கென்றே செய்த வாள்களும், இருபது பக்கப் பகடையில் இருபது விழுந்தால் உயிரையே வாங்கக்கூடிய இடிச் சுத்தியலும் அங்கேதான். பார்ட்டியின் கணக்கில் அது பெரும் புதையல் அறை. ராட்சதர்களுக்கு அது கல்லறை. நான் இதை எச்சரிக்கை எதுவும் சொல்லாமல் வர்ணித்துவிடுகிறேன். ரூனைப் படிக்கத் தெரிந்தவர் பார்ட்டியில் இருந்தால் அவருக்கு மட்டும் விஷயம் புரியும், மற்றவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

ரூன் என்றதும் ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர் சாகசத்தின் ரூன் பொருள்களைப் பாராட்டவேண்டும். ஓபல் கல், பனிச்சில்லு, உலோகக் கட்டி என்று சிலவற்றில் ராட்சத ரூன் பொறித்திருக்கும். அவற்றை அப்படியே பயன்படுத்தலாம். இல்லையென்றால், எட்டு மணி நேரம் செலவழித்து அதன் ரூனைத் தன் ஆயுதம், கவசம் போன்ற பொருள் ஒன்றில் வரைந்து மந்திரத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் மூலப்பொருள் அழிந்துவிடும். அளவுச் சிக்கலுக்கு நான் பார்த்தவற்றில் இதுவே அழகான தீர்வு. நான் இதை எல்லா ராட்சதப் பொருளுக்கும் நீட்டித்துவிட்டேன். 162 பவுண்டு மந்திர வாளைத் தூக்க முடியாது. அதன் ரூனை உங்கள் கத்திக்கு மாற்றலாம். ஆனால் மாற்றிய கணத்தில் பல தலைமுறை கண்ட அந்த எஃகு பொடிந்துவிடும், அதைத் தேடி வருபவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

தேடி வருவார்கள். ராட்சதர்கள் மிகக் குறைவு, குடும்பங்கள் ஒன்றையொன்று அறியும், பொருள்கள் பெரியவை, ஒளித்துவைக்க முடியாதவை. எனவே என் அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பகடை உண்டு, பார்ட்டி பொருளை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் மட்டும் திரைக்குப் பின்னால் உருட்டுவது. ஒன்று விழுந்தால் இறந்தவனின் சகோதரி வருகிறாள். இரண்டு என்றால் கடன் கொடுத்தவன். மூன்றுக்கு அந்தக் கழுத்துப்பட்டையின் சொந்தக்கார ஓநாய். நான்கு என்றால் மேக ராட்சதத் தூதன், கையில் சூதாட்டப் பலகையோடு. ஐந்து விழுந்தால் யாரும் வருவதில்லை, ஆனால் பார்ட்டி போகும் ஊரில் ஒரு கொல்லன் பொருளைப் பார்த்ததும் கடையைச் சாத்திவிடுகிறான். ஆறு விழுந்தால் இன்னொரு முறை, இரண்டு பகடையாக உருட்டுகிறேன், இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து சேருகிறார்கள்.